பல்லாவரத்தில் ஒரு கல்: ஆபீஸ் வேலைக்கு நடுவே 40 வருஷம் கல் பொறுக்கிய ராபர்ட் புரூஸ் ஃபூட் யார்?

பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தைக்கு ஒரு தடவையாவது போயிருக்கிறீர்களா? செடி, ஓடாத வாட்ச், யாரோ வீட்டுப் பரணிலிருந்து இறங்கிய பித்தளைச் சொம்பு, செல்லாத நாணயம், சார்ஜர் இல்லாத லேப்டாப் என்று வாரத்தில் ஒரு நாள் அந்த ரோடே கடையாக மாறிவிடும். என் ரூம்மேட்டுக்கு அங்கே ஒரே வேலை, குட்டிக் கார் பொம்மைகள் தேடுவது. நாலு பேர் தங்குகிற ரூமில் எனக்குச் சட்டை மாட்டவே இடமில்லை. அவன் கட்டிலுக்கு அடியில் மட்டும் ஒரு பார்க்கிங்கே இருக்கு. இதெல்லாம் சேர்த்து என்ன பண்ணப்போகிறாய் என்று கேட்டால் சிரிப்பான்.

அதே பல்லாவரத்தில் 160 வருஷத்துக்கும் முன்னால் ஒருத்தர் குனிந்து ஒரு கல்லை எடுத்தார். அந்த ஒரு கல்லால் இந்தியாவில் மனிதர்கள் வாழ்ந்த கதை பல லட்சம் வருஷம் பின்னால் போனது. ராபர்ட் புரூஸ் ஃபூட் என்பது அவர் பெயர். அரசாங்க நிலவியல் அதிகாரி. பாறைகளை ஆராய்ந்து வரைபடம் போடத்தான் அவருக்குச் சம்பளம். பழங்கால மனிதர்களின் கருவிகளைத் தேடச் சொல்லி யாரும் அவரிடம் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பழக்கத்தை அவர் 40 வருஷம் விடவில்லை. இன்று இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தந்தை என்று அவரைச் சொல்கிறோமே, அது சம்பளத்துக்குச் செய்த வேலைக்காக இல்லை. இந்தப் பழக்கத்துக்காகத்தான்.

அன்றைக்கு என்ன நடந்தது?

1863 மே 30. அக்னி நட்சத்திரம் முடிந்தும் முடியாத நேரம். மெட்ராஸ் வெயில் அப்போதும் இப்படித்தான் இருந்திருக்கும், ஏசி மட்டும் கிடையாது. பல்லாவரம் அன்றைக்கு ஒரு ராணுவக் குடியிருப்பு. அங்கே பரேடு மைதானத்துக்குப் பக்கத்தில் சரளைக்காக வெட்டிய ஒரு குழி இருந்தது. குழியிலிருந்து வாரிப்போட்ட செம்மண் சரளைக்கு நடுவே, மற்ற கற்களோடு சேராத ஒரு கல்லை ஃபூட் பார்த்தார். குவார்ட்சைட் என்கிற கடினமான கல். இரண்டு பக்கமும் சில்லு சில்லாகத் தட்டி எடுத்து, ஓரத்தைக் கூர்மையாக்கி, கைக்குள் பிடிக்கிற மாதிரி உருவாக்கியிருந்தார்கள். தண்ணீரில் உருண்டோ, பாறையிலிருந்து உடைந்து விழுந்தோ ஒரு கல்லுக்கு அந்த உருவம் வராது. தொல்லியலில் இதைக் கைக்கோடாரி என்பார்கள்.

வேறு யாராவது பார்த்திருந்தால் காலால் தள்ளிவிட்டுப் போயிருப்பார்கள். குழி வெட்டியவர்கள் கையில் அந்த மாதிரிக் கற்கள் எத்தனையோ தடவை பட்டிருக்கும், ரோட்டுக்கும் போயிருக்கும். ஃபூட் கண்ணில் மட்டும் ஏன் அது மாட்டியது? அதற்குக் கொஞ்சம் ஐரோப்பாவுக்குப் போய்வர வேண்டும்.

பிரான்ஸில் அப்வில் என்று ஒரு ஊர். அங்கே சுங்க அதிகாரியாக இருந்த பூஷே டி பெர்த் என்பவருக்கு ஆற்றங்கரைச் சரளைக் குழிகளில் கல் பொறுக்குவது பொழுதுபோக்கு. அழிந்துபோன யானை இனங்களின் எலும்பு கிடைக்கிற அதே மண் அடுக்கில் மனிதன் செய்த கற்கருவிகளும் கிடைக்கின்றன என்று அவர் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டே இருந்தார். பெரிய அறிஞர்கள் யாரும் கண்டுகொள்ளவில்லை. 1859-ல் இங்கிலாந்திலிருந்து இரண்டு பேர் நேரில் போய்ப் பார்த்து, அவர் சொன்னது சரிதான் என்றார்கள். அதில் ஜோசப் பிரெஸ்ட்விச் ஒயின் வியாபாரி. ஜான் எவான்ஸ் காகிதக் கம்பெனி நடத்தியவர், பழைய நாணயங்கள் சேர்க்கிறவர். சுங்க அதிகாரி, ஒயின் வியாபாரி, காகித வியாபாரி. மூவருமே வேறு வேலை பார்த்துக்கொண்டு கல் பார்த்தவர்கள்! மனிதனின் வயது சில ஆயிரம் வருஷம்தான் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்ததை உடைத்ததில் இவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. டார்வினின் புத்தகம் வந்ததும் அதே 1859-ல்தான்.

இந்தச் செய்திகளை ஃபூட் மெட்ராஸிலிருந்தே படித்துவந்தார். அங்கே சரளைக் குழியில் கிடைக்கிறது என்றால் இங்கேயும் ஏன் கிடைக்கக் கூடாது என்பதுதான் அவர் கேள்வி. அதனால்தான் குழியைப் பார்த்தால் நின்றார். அப்போது அவருக்கு வயது 28. இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேருக்கு அதே வயசுதான் இருக்கும்.

கல் சேர்க்கும் மாப்பிள்ளை, பழமொழி சேர்க்கும் மாமனார்

ஃபூட் 1834 செப்டம்பர் 22 அன்று இங்கிலாந்தின் செல்டன்ஹாமில் பிறந்தவர். 1858 டிசம்பரில், 24 வயதில், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். அந்தத் துறை தொடங்கி அப்போது பத்து வருஷம்கூட ஆகவில்லை. நிலக்கரி எங்கே இருக்கிறது, இரும்பு எங்கே, தங்கம் எங்கே என்று அரசாங்கத்துக்குத் தெரிய வேண்டும். அதற்குத்தான் துறை. ஃபூட்டை மெட்ராஸ் மாகாணத்துக்கு அனுப்பினார்கள்.

1862-ல் அவருக்குக் கல்யாணம். மணமகள் எலிசபெத் ஆன் பெர்சிவல். இந்தப் பெண்ணின் அப்பாவைத் தமிழ் படித்தவர்கள் நிறைய பேருக்குத் தெரிந்திருக்கும். பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் பாதிரியாராக இருந்து பள்ளிக்கூடம் நடத்தியவர். ஆறுமுக நாவலரின் துணையோடு பைபிளைத் தமிழில் மொழிபெயர்த்தவர். பிறகு மெட்ராஸ் வந்து பிரெசிடென்சி காலேஜில் பேராசிரியரானார். தினவர்த்தமானி என்ற பத்திரிகையைத் தொடங்கியவரும் அவர்தான். சி.வை.தாமோதரம் பிள்ளை அதற்கு ஆசிரியராக இருந்திருக்கிறார்.

பெர்சிவலுக்கும் ஒரு சேகரிப்புப் பைத்தியம் உண்டு. அவர் சேர்த்தது தமிழ்ப் பழமொழிகள். யாழ்ப்பாணத்தில் இருக்கும்போதே ஒரு தொகுப்பு போட்டார். பிறகு அதை வளர்த்து 1874-ல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகளோடு ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்த்து வெளியிட்டார். மாமனார் வீட்டுச் சாப்பாட்டு மேஜையை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் திண்ணையில் கேட்ட பழமொழியை எழுதிவைக்கிறவர், மறுபக்கம் குழியில் கிடைத்த கல்லைத் துடைத்துக்கொண்டிருக்கும் மாப்பிள்ளை. இது என் கற்பனைதான், ஆனால் ரொம்பத் தூரம் போகவில்லை என்று நினைக்கிறேன்.

ஒரு கல் போதாது

பல்லாவரம் கல்லில் ஒரு சிக்கல் இருந்தது. அது குழிக்கு வெளியே வாரிப்போட்ட சரளையில் கிடைத்தது. எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஒரே ஒரு கல் வேறு. தற்செயல் என்று யாரும் ஒதுக்கிவிடலாம்.

அதனால் தேடல் தொடர்ந்தது. கூட வேலை பார்த்த வில்லியம் கிங்கும் ஃபூட்டும் அதே வருஷம் செப்டம்பர் 28 அன்று அத்திரம்பாக்கம் பக்கம் போனார்கள். ஃபூட்டுக்கு 29 வயசு முடிந்து ஆறு நாள். இப்போதைய திருவள்ளூர் மாவட்டத்தில், பூண்டி ஏரிக்குப் பக்கத்தில், கொசஸ்தலையாற்றுப் படுகையில் இருக்கிறது அந்த ஊர். அங்கே ஓடை அரித்த பள்ளங்களில் கற்கருவிகள் கொட்டிக் கிடந்தன. மண் அடுக்கிலேயே பதிந்த நிலையிலும் கிடைத்தன. இனி தற்செயல் என்று சொல்ல வழியில்லை.

அடுத்த சில வருஷத்தில் ஃபூட் இதைப் பற்றி மெட்ராஸில் வெளியான ஆய்விதழில் எழுதினார். 1868-ல் இங்கிலாந்தின் நாரிச் நகரில் நடந்த சர்வதேசத் தொல்பழங்கால மாநாட்டில் தென்னிந்தியக் கற்கருவிகளைப் பற்றிப் பேசினார். பிறகு பாடப்புத்தகங்களில் மெட்ராஸ் கைக்கோடாரி மரபு என்றே ஒரு பெயர் வந்தது. ஊர்ப்பெருமை பேச மெட்ராஸ்காரர்களுக்கு மெரினா, பிரியாணி தவிர இதுவும் இருக்கு.

பெரிய ஆச்சரியம் ரொம்பப் பிற்பாடுதான் வந்தது. அதே அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் 1999 தொடங்கி அகழாய்வு செய்தார்கள். 2011-ல் வெளியான அவர்கள் குழுவின் ஆய்வுப்படி அங்கே கிடைத்த மிகப் பழைய கருவிகளின் வயது சராசரியாக 15 லட்சம் வருஷம். குறைந்தபட்சம் என்று எடுத்தால்கூட 10 லட்சத்தைத் தாண்டும். நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸின் மிகப் பழைய எலும்புகளுக்கே சுமார் மூன்று லட்சம் வருஷம்தான் வயது. அப்படியானால் அந்தக் கருவிகளைச் செய்தது நமக்கு முந்தைய மனித இனம். 2018-ல் வந்த இன்னொரு ஆய்வு, அதைவிட நுணுக்கமான அடுத்த கட்டக் கருவிகள் அங்கே 3 லட்சத்து 85 ஆயிரம் வருஷத்துக்கு முன்பே வந்துவிட்டன என்றது.

ஃபூட்டுக்கு இந்த எண்கள் எதுவும் தெரியாது. கல்லின் வயதைக் கணக்கிடும் தொழில்நுட்பம் அவர் காலத்தில் இல்லை. ஆனால் எந்த ஓடை, எந்த ஊருக்கு எந்தப் பக்கம், எந்த மண் அடுக்கு என்று அவரும் கிங்கும் எழுதிவைத்திருந்தார்கள். பின்னால் வந்த ஆய்வாளர்கள் அதே இடத்துக்குத் திரும்பிப்போக அது போதுமானதாக இருந்தது.

எங்க ஊர்ப் பக்கம் வந்தாரா?

இங்கே கொஞ்சம் சொந்தக் கதை. என் ஊர் திருப்புட்குழி. காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகும் வழியில், பாலுசெட்டிசத்திரத்துக்குப் பக்கத்தில். விஜயராகவப் பெருமாள் கோயில் இருக்கும் திவ்யதேசம். ராமானுஜர் சின்ன வயதில் யாதவப்பிரகாசரிடம் பாடம் படித்த ஊர் என்பார்கள். புள் என்றால் பறவை. ஜடாயுவுக்கு ராமர் இறுதிச் சடங்கு செய்த குழி என்பதால் திருப்புட்குழி என்று தலபுராணம் சொல்லும். குழிக்கும் எனக்கும் அவ்வளவுதான் சம்பந்தம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

1870-களின் தொடக்கத்தில் ஃபூட் எழுதிய ஒரு பெரிய அறிக்கை இருக்கிறது. மெட்ராஸ், வடஆர்க்காடு மாவட்டங்களில் பாலாற்றுக்கு வடக்கே இருக்கும் நிலப்பகுதியின் அமைப்பைப் பற்றியது. காஞ்சிபுரம் பாலாற்றுக்கு வடக்கே. திருப்புட்குழியும் வடக்கே. ஆக நான் சைக்கிள் ஓட்டிய செம்மண் எல்லாம் அவர் படித்த நிலப்பரப்பில் சேர்ந்ததுதான். பெங்களூர் ஹைவேயில் நாம் தூங்கிக்கொண்டே தாண்டுகிற ஸ்ரீபெரும்புதூர் பக்கம், பத்து கோடி வருஷத்துக்கும் பழைய தாவரங்களின் அச்சு பதிந்த களிப்பாறைகள் இருக்கின்றன. அவற்றை முதலில் விரிவாக எழுதியவர்களில் ஃபூட் ஒருவர். இன்று அங்கே செல்போன், கார் தொழிற்சாலைகள்.

அந்த அலைச்சலில் அவர் ஒன்றைக் கவனித்தார். கற்கருவிகள் எல்லா இடத்திலும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. அல்லிக்குழி, நகரி மலைகள் பக்கம் நிறைய. அங்கிருந்து தெற்கே வர வர குறைகிறது. ஏன்? அந்த மலைகளில்தான் குவார்ட்சைட் கல் இருக்கிறது. தட்டினால் கூராக உடையும் கல் அது. பல்லாவரம் மலையும் பரங்கிமலையும் சார்னோகைட் என்ற வேறு வகைப் பாறை. அதைத் தட்டினால் அப்படிச் சில்லு பெயராது. நல்ல கத்தி வேண்டும் என்றால் நல்ல இரும்பு விற்கிற கடைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் லாஜிக். ஆனால் கிடைத்த இடங்களை வரைபடத்தில் குறித்துவைத்த ஒருவரால்தான் இதைச் சொல்ல முடியும். கல்லை மட்டும் அலமாரியில் அடுக்கியிருந்தால் முடியாது.

எனக்கு உறைத்த இடம் இது. சின்ன வயதில் எங்க ஊர் ஏரிக்கரையில் நானும் கல் பொறுக்குவேன். வழவழப்பாக, கோடு போட்டதாக, பச்சையாக, என்னென்னவோ. ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய சேர்த்திருந்தேன். காலேஜ் சேர்ந்தபோது அம்மா அதைத் தூக்கிப் போடவில்லை, கொல்லையில் துளசிமாடத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். போன பொங்கலுக்குப் போனபோது கொட்டிப் பார்த்தேன். ஒரு கல்கூட எங்கே எடுத்தது என்று ஞாபகம் இல்லை. ஏரியிலா, பாலாற்றிலா, புது வீடு கட்டக் கொட்டிய ஜல்லியிலா? எங்கிருந்து என்று சொல்ல ஆள் இல்லாததால் அது வெறும் ஒரு பாட்டில் கல்.

நாற்பது வருஷ அலைச்சல்

நிலவியல் அதிகாரியின் வாழ்க்கையில் வருஷத்தில் பல மாதம் கூடாரத்தில் கழியும். மாட்டு வண்டி, குதிரை, சமையல்காரர், கூலிகள் என்று ஒரு சின்ன ஊரே நகரும். இந்தக் கதையில் நமக்குக் கிடைக்கும் பெயர்களில் பெரும்பாலானவை வெள்ளைக்கார அதிகாரிகளின் பெயர்கள்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும். குழி வெட்டியவர்கள், வண்டி ஓட்டியவர்கள், அந்த ஓடைக்கு வழி காட்டியவர்கள் யார் பெயரும் நம் வாயில் வருவதில்லை.

அந்த அலைச்சலில் ஃபூட் போகாத திசை குறைவு. திருநெல்வேலிச் சீமையில் சாயர்புரம் பக்கத்துச் செம்மண் தேரியில் விரல்நுனி அளவு நுண்கற்கருவிகளைப் பார்த்தார். கர்னூல் பக்கம் பில்லாசுர்கம் குகைகளில் தோண்டினார். 1884, 85-ல் அந்த வேலையைத் தொடர்ந்தது அவர் மகன் ஹென்றி, ராணுவ அதிகாரி. அப்பாவின் பொழுதுபோக்கு பிள்ளைக்கும் வந்துவிட்டது.

பெல்லாரி கதையைச் சொல்லாமல் விட முடியாது. அந்தப் பக்கம் பெரிய பெரிய சாம்பல் மேடுகள் உண்டு. எரிமலைக் குழம்பு என்றார்கள் சிலர். பெரிய பலிகள் நடந்த இடம் என்றார்கள் வேறு சிலர். ஊர்க்காரர்களிடம் அரக்கர் கதைகள் இருந்தன. ஃபூட் பார்த்துவிட்டு, இது புதிய கற்கால மக்கள் மாட்டுச் சாணத்தைக் குவித்து எரித்ததால் வந்தது என்றார். சாணம்! எரிமலைக்குப் பதில் சாணம் என்றால் யாருக்குத்தான் சப்பென்று இருக்காது? ஆனால் அதுதான் சரி. 1950-களில் ரேமண்ட் ஆல்சின் உட்னூரில் அகழாய்வு செய்து, மாட்டுப் பட்டி இருந்த இடங்கள் அவை என்று உறுதிசெய்தார். தென்னிந்தியாவின் முதல் மாடு மேய்ப்பவர்களைப் பற்றிய ஆய்வு அங்கிருந்துதான் வளர்ந்தது.

தப்பும் செய்தார். பழைய கற்காலத்துக்கும் புதிய கற்காலத்துக்கும் நடுவே இந்தியாவில் பெரிய இடைவெளி ஒன்று இருந்தது, மனிதர்களே இல்லாத காலம் ஒன்று போயிருக்க வேண்டும் என்று அவர் கருதினார். பின்னால் வந்த ஆய்வுகள் அதை ஏற்கவில்லை. அந்த இடைவெளியை நிரப்பியதில் தேரிகளில் கிடைத்த மாதிரியான நுண்கற்கருவிகளுக்கும் பங்கு உண்டு. அவர் கையிலேயே இருந்தது விடை, அவருக்குத்தான் பிடிபடவில்லை. ஆனாலும் எங்கே எடுத்தேன் என்று எழுதிவைத்ததால் மற்றவர்களால் அவரைத் திருத்த முடிந்தது. அதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

1891-ல் ஓய்வு. ஓய்வு என்று பேர்தான். பரோடா சமஸ்தானம் கூப்பிட, அங்கே போய் நிலவியல் ஆய்வு செய்தார். போன இடத்தில் சபர்மதி ஆற்றுப் படுகையிலும் பழைய கற்காலக் கருவிகளைக் கண்டுபிடித்தார். பிறகு மைசூர் சமஸ்தானத்துக்கும் வேலை பார்த்தார். கடைசியில் ஏற்காட்டில் குடியேறினார். மாமனார் பெர்சிவல் கடைசிக் காலத்தைக் கழித்ததும், 1882-ல் இறந்ததும் அதே ஏற்காட்டில்தான்.

சேர்வராயன் மலையிலும் கல் அவரை விடவில்லை. சேலம் பக்கத்து மலைகளில் வழவழப்பாகத் தேய்த்த புதிய கற்காலக் கோடாரிகள் நிறைய. அங்கிருந்த மக்கள் உழும்போதும் தோண்டும்போதும் கிடைத்த அந்தக் கற்களை எடுத்து மரத்தடிப் பிள்ளையார் முன்னால் வைத்து வணங்கியிருக்கிறார்கள். இது சாதாரணக் கல் இல்லை என்று ஃபூட் வருவதற்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அவர்கள் அதை வேறு ஒரு கணக்கில் சேர்த்துவைத்தார்கள்.

அத்தனை கல்லும் எங்கே போச்சு?

வீட்டை காலி பண்ணும்போதுதான் சேர்த்த பொருளின் அருமையும் பாரமும் தெரியும். கூடாரத்திலும் வாடகை பங்களாவிலும் வாழ்ந்த ஒருவர் மூட்டை மூட்டையாகக் கல்லை ஊர் ஊராகக் கொண்டுபோயிருக்கிறார் என்பதே எனக்கு மலைப்பாக இருக்கு. நானூறுக்கும் மேற்பட்ட இடங்களில் எடுத்தவை. பழைய கற்காலம், புதிய கற்காலம், இரும்புக் காலம், உடைந்த பானை ஓடு, சங்கு வளையல் துண்டு என்று எல்லாம் கலந்தது.

1904-ல் மெட்ராஸ் அரசாங்கம் அந்தத் தொகுப்பை அவரிடமிருந்து விலைக்கு வாங்கி எழும்பூர் அருங்காட்சியகத்தில் வைத்தது. லண்டனுக்குப் போயிருக்கலாம். அந்தக் காலத்தில் போன பொருட்களுக்குக் கணக்கே இல்லை. இது இங்கேயே தங்கியது.

விற்றதோடு அவர் வேலை முடியவில்லை. எழுபது வயதில் உட்கார்ந்து ஒவ்வொரு பொருளையும் பற்றி எழுத ஆரம்பித்தார். எந்த மாவட்டம், எந்த ஊர், மலைச்சரிவா ஆற்றங்கரையா, என்ன கல், என்ன உருவம், எது உடைந்திருக்கிறது. என்னிடம் கேட்டால், பல்லாவரத்தில் குனிந்து கல்லை எடுத்த அந்த நிமிஷத்தைவிட இந்த வருஷங்கள்தான் பெரியவை. சேர்ப்பது சுகம். பட்டியல் போடுவது அலுப்பு. என் போனில் இருக்கும் ஸ்கிரீன்ஷாட்களுக்கு ஒரு ஃபோல்டர் போட எனக்கு மூன்று வருஷமாக முடியவில்லை.

1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் ஃபூட் இறந்தார். வயது 78. அஸ்தி ஏற்காட்டுக்கு வந்தது. அங்கே ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் அவருக்கு நினைவுக் கல் இருக்கிறது. அவர் எழுதிய பட்டியல் 1914-ல் அச்சில் வந்தது. அந்தப் பொருட்களின் காலம், பரவல் பற்றிய விளக்கங்களும் படங்களும் 1916-ல் இரண்டாவது புத்தகமாக வந்தன. இரண்டையும் அவர் பார்க்கவில்லை.

உங்கள் கண்ணில் ஒன்று பட்டால்?

ஃபூட் மாதிரி எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். அவர் காலம் வேறு, இப்போது சட்டம் வேறு. நிலத்தில் புதைந்த மதிப்புள்ள பொருளைக் கண்டால் கலெக்டருக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்று 1878-ன் புதையல் சட்டமே சொல்கிறது. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட தொல்பொருட்களுக்கு 1972-ல் வந்த தனிச் சட்டமும் உண்டு. சட்டத்தை விடுங்கள், எடுத்த நொடியே அந்தக் கல் தன் முகவரியை இழக்கிறது. செய்யக்கூடியது சுலபம். கிடந்த இடத்திலேயே வைத்து, பக்கத்தில் ஒரு பேனாவையோ நாணயத்தையோ அளவுக்கு வைத்து போட்டோ எடுங்கள். லொகேஷனைச் சேமியுங்கள். மாநிலத் தொல்லியல் துறைக்கோ தாசில்தார் அலுவலகத்துக்கோ சொல்லுங்கள். ஃபூட் பக்கம் பக்கமாக எழுதிய இடக்குறிப்பு இன்றைக்கு ஒரு தட்டில் போனில் விழுந்துவிடும்.

நேரில் பார்க்க ஆசை என்றால் எழும்பூர் அருங்காட்சியகம் இருக்கு. ஒரு நாள் பயணம் என்றால் பூண்டி. அங்கே தமிழகத் தொல்லியல் துறையின் தொல்பழங்கால அகழ்வைப்பகம் இருக்கிறது. பக்கத்திலேயே குடியம் குகைகள், ஃபூட் எழுதிய இடங்களில் ஒன்று. நடக்கத் தெம்பு வேண்டும், தண்ணீர் பாட்டில் கட்டாயம்.

பல்லாவரத்தில் அந்தக் குழியைத் தேடிப் போகாதீர்கள். நானும் ரூம்மேட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேடிவிட்டோம். அபார்ட்மென்ட், பைக் ஷோரூம், மேம்பாலம். செம்மண் கண்ணில் பட்டது ஒரே இடத்தில்தான், புது பில்டிங்குக்கு அஸ்திவாரம் தோண்டி ரோட்டோரம் குவித்திருந்தார்கள். கொஞ்ச நேரம் நின்று பார்த்தோம். வாட்ச்மேன் வந்து என்ன வேண்டும் என்று கேட்டார். ஒன்றும் இல்லை அண்ணா, சும்மா பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டு டீக்கடைக்கு நடந்தோம். திரும்பி வருவதற்குள் லாரி வந்து மண்ணை அள்ளிக்கொண்டிருந்தது.